பலகையிலிருந்து எழும் ரயில் நிலையம்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மாடல் ரயிலுக்கான கட்டடங்கள். அவற்றைக் கணினியில் கேட் (CAD) மென்பொருள் கொண்டு வரைவது, வரைந்ததை லேசரில் வெட்டுவது, வெட்டியதை ஒட்டி நிமிர்த்துவது. பொம்மை ரயிலைப் பற்றி இவ்வளவு பெரிய அரங்கில் ஒரு சொற்பொழிவா என்று யாருக்காவது தோன்றினால் தப்பில்லை. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். பேச்சு முடிவதற்குள் பொம்மையை விட்டு உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்துவிடுவோம்.

எஞ்சினைப் பற்றி நான் பேசப் போவதில்லை. எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891-லேயே லீப்சிக் சந்தையில் தண்டவாளத்தோடு சாவி முடுக்கும் ரயிலைக் கொண்டுவந்து வைத்தது. அந்தக் கடை இன்னும் மூடவில்லை. கட்டடமும் கடையில் கிடைக்கும். அதே நாட்டில், கருங்காட்டுப் பகுதியில், 1946-இல் தொடங்கிய ஃபாலர் நிறுவனம் மரச்சட்டம் வைத்த ஜெர்மன் வீடுகளையும் தேவாலயங்களையும் பெட்டி பெட்டியாக விற்கிறது. அழகான வீடுகள்தாம், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ராயபுரம் நிலையம் எந்தப் பெட்டியில் கிடைக்கும்? எழும்பூர் எந்தப் பெட்டியில் கிடைக்கும்? நீலகிரியின் லவ்டேல் எந்தப் பெட்டியில் கிடைக்கும்? கிடைக்காது. நம் ஊர் ரயிலை ஓடவிட்டு, அது போய் நிற்பதற்கு ஒரு பவேரியக் கிராமத்தை வைத்தால் நன்றாகவா இருக்கும்? நம் நிலையம் வேண்டும் என்றால் நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு இன்று ஒரு நல்ல கருவி கைக்கு வந்திருக்கிறது.

அந்தக் கருவியில் ஓர் இந்தியரின் பங்கும் இருக்கிறது. மரத்தையும் அட்டையையும் அக்ரிலிக்கையும் வெட்டுகிற லேசர், கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடித்தவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். அந்த ஒளிக்கற்றையின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், அது கண்ணுக்குத் தெரியாது. கடையில் பலகை மேல் ஓடும் சிவப்புப் புள்ளியைப் பார்த்து இதுதான் வெட்டுகிறது என்று நினைக்காதீர்கள். அது வெறும் வழிகாட்டி. வெட்டுகிறவர் மறைந்துதான் இருக்கிறார்.

இன்று தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய ஊர் எதிலும் இந்த இயந்திரம் உண்டு. பெயர்ப்பலகை செய்யும் கடையில், கல்யாணப் பத்திரிகைக்குப் பூ வேலைப்பாடு வெட்டும் கடையில், பரிசுக் கேடயக் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். நவராத்திரிக் கொலுவில் பூங்கா அமைக்கிற வீடுகளில் குட்டி ரயில் ஒன்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரயிலுக்கு ஒரு ஸ்டேஷனை அந்தக் கடையிலேயே வெட்டி வாங்கலாம். இயந்திரம் தயாராக இருக்கிறது. படம்தான் இல்லை. அந்தப் படத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு கேள்வி. ஒரு கட்டடத்தை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? ஓவியர் ஒளியும் நிழலுமாகப் பார்ப்பார். பயணி, கழிவறை எங்கே, தேநீர்க் கடை எங்கே என்று பார்ப்பார். லேசருக்கு வரைகிறவர் அந்தக் கட்டடத்தைத் தட்டையான தகடுகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்சுவர் ஒரு தகடு. பக்கவாட்டில் முக்கோணமாக உயரும் சுவர் ஒரு தகடு. சன்னல் சட்டம் ஒரு தகடு. கூரை ஓட்டின் ஒவ்வொரு வரிசையும் ஒரு தகடு. லேசர் மேலிருந்து கீழாக நேராக இறங்கும்; அதற்கு வேறு வித்தை தெரியாது. ஆகவே எந்தக் கட்டடமானாலும், "இது எத்தனை தகடுகளாகப் பிரியும்?" என்பதே முதல் கேள்வி. இந்தக் கண் வந்துவிட்டால் மென்பொருள் பழகுவது பெரிய காரியமில்லை. லிப்ரேகேட் இலவசம், இங்க்ஸ்கேப் இலவசம். கடைக்காரரிடம் கோரல்டிரா இருக்கும். எதில் வேண்டுமானாலும் வரையுங்கள். மென்பொருளுக்காகச் சண்டை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கட்டிய கட்டடத்தைத்தான் பார்த்ததில்லை.

அடுத்தது அளவுவிகிதம். பிரிட்டனில் பரவலான ஓ.ஓ. அளவில் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது 1:76. உலகெங்கும் பரவிய ஹெச்.ஓ. அளவில் ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர், அதாவது 1:87. இரண்டும் ஓடுவது 16.5 மி.மீ. அகலமுள்ள ஒரே தண்டவாளத்தில். இதில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. 16.5-ஐ 87 மடங்காக்கினால் வருவது 1435 மி.மீ. அது ஐரோப்பியப் பாதையின் அகலம். நம் அகலப்பாதை 1676 மி.மீ. ஹெச்.ஓ. அளவில் அது 19 மில்லிமீட்டருக்கும் மேலே போய்விடும். 1:100 என்ற அளவை எடுத்தால் நம் பாதை அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஏறக்குறைய அச்சாகப் பொருந்தும். ஆனால் அந்த அளவில் வண்டி விற்பார் யாரும் இல்லையே! ஆகவே வண்டி எந்த அளவோ கட்டடமும் அந்த அளவு. தண்டவாள அகலத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிடுங்கள். நம் நாட்டில் மாடல் ரயில் வைத்திருக்கும் பெரும்பாலோர் செய்வது அதுதான்.

கணக்குக்கு எளிது என்பதால் இன்று ஓர் அடிக்கு 4 மி.மீ. என்றே வைத்துக்கொள்கிறேன். வெள்ளைக்காரர் காலத்து நிலையங்களெல்லாம் அடியிலும் அங்குலத்திலும் கட்டப்பட்டவை. ஏழடிக் கதவு 28 மி.மீ. ஆகும். ஒன்றரை அடிச் சுவர் 6 மி.மீ. ஆகும். மூன்று மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) இரண்டை ஒட்டினால் அந்தச் சுவர் வந்துவிடும். கையடக்கக் கட்டடங்கள் பொய்யாகத் தெரிவதற்கு முதல் காரணம் சுவரின் மெலிவுதான். நம் பழைய நிலையத்தின் சன்னல் ஓரத்தில் ஓர் ஆள் வசதியாக உட்காரலாம். காகிதக் கனத்தில் சுவர் வைத்தால் அந்த இடம் எங்கே போகும்?

அந்தச் சன்னல் ஒன்றையே கிட்டப் போய்ப் பார்ப்போம். மூன்றடி அகலம், ஐந்தடி உயரம். நம் அளவில் 12 மி.மீ.க்கு 20 மி.மீ. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இதற்குள் எத்தனை அடுக்கு தெரியுமா? வெளியில் 2 மி.மீ. பலகை, இதில் சன்னல் திறப்பு மட்டும். அதன் பின்னால் கெட்டி அட்டையில் சன்னல் சட்டம். அதற்குப் பின்னால் கண்ணாடிக்குப் பதில் ஓ.எச்.பி. ஷீட். கடைசியில் உட்சுவர்ப் பலகை. இதன் ஓரம் வெளியே தெரியாதபடி திறப்பைச் சற்றுப் பெரிதாக வெட்ட வேண்டும். இப்படி அடுக்கினால், சட்டம் வெளிச்சுவரிலிருந்து 2 மி.மீ. உள்வாங்கி நிற்கும். உண்மையில் அது அரை அடி. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் சன்னலுக்குள் நிழல் விழும். அந்த நிழல் விழுந்த பிறகுதான் அது கட்டடம்.

சட்டத்தின் குறுக்குக் கம்பைப் பாருங்கள். உண்மையில் இரண்டு அங்குலம். நம் அளவில் ஏறக்குறைய 0.65 மி.மீ. அப்படியே 0.65 என்று வரைந்தால் என்ன ஆகும்? கோட்டின் இருபுறமும் லேசர் கொஞ்சம் பொருளைத் தின்றுவிடும். கம்பு அரை மில்லிமீட்டராக மெலிந்து, கையில் எடுக்கும்போதே ஒடியும். லேசர் தின்கிற இந்த அகலத்தைத் தொழிலில் கெர்ஃப் என்பார்கள். இயந்திரத்துக்கும் பலகைக்கும் ஏற்ப 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கும். அதை அறிந்துகொள்வது எளிது. 100 மி.மீ. நீளச் செவ்வகம் ஒன்றைப் பத்துச் சமத் துண்டாக வெட்டுங்கள். துண்டுகளை நெருக்கி வைத்து வெர்னியரில் அளந்து பாருங்கள். 98.5 வந்தால் 1.5 குறைந்திருக்கிறது, பத்தால் வகுத்தால் கெர்ஃப் 0.15. அப்படியானால் குறுக்குக் கம்பை 0.8 என்று வரைய வேண்டும். வெட்டி வரும்போது 0.65 வரும்.

மூலைகளில் பல் வைத்துக் கோக்கும் இடத்தில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகும். நீட்டிய பல் 0.15 குறையும், அது நுழையும் பள்ளம் 0.15 பெருகும். இரண்டும் சேர்ந்து 0.3 மி.மீ. ஆட்டம். கேட்கச் சின்னதாக இருக்கிறதா? 76-ஆல் பெருக்குங்கள். உண்மைக் கட்டடத்தில் ஏறக்குறைய ஓர் அங்குல வெடிப்பு! எந்தக் கொத்தனாராவது அப்படி விட்டுவிட்டுக் கூலி கேட்பாரா?

இன்னொரு பொறி இருக்கிறது. கட்டடத்தை உண்மை அளவிலேயே கணினியில் வரைந்து, பிறகு 76-இல் ஒரு பங்காகச் சுருக்குவதுதான் நல்ல வழக்கம். ஆனால் பலகையின் கனம் சுருங்காதே! பல் கோக்கும் பள்ளங்களை முதலிலேயே வரைந்துவிட்டுச் சுருக்கினால் பள்ளமும் 76 மடங்கு சுருங்கிவிடும். ஆகவே முதலில் கட்டடம், பிறகு சுருக்கம், அதன் பிறகே பள்ளமும் பல்லும். கடையில் 3 மி.மீ. என்று விற்கும் பலகை 2.7 ஆகவும் இருக்கும், 3.2 ஆகவும் இருக்கும். கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், வெர்னியரை நம்புங்கள்.

இனி, செங்கல். இந்தத் துறைக்கு வருகிறவர்களை மயக்குவது செங்கல்தான். ஆங்கிலேயச் செங்கல் வரிசை, சாந்தோடு சேர்த்து மூன்று அங்குலம். நம் அளவில் சரியாக 1 மி.மீ. நடுவில் உள்ள சாந்து 10 மி.மீ.; நம் அளவில் 0.13 மி.மீ. அது லேசர் கோட்டின் அகலமேதான்! இதற்கென்றே லேசரைச் செய்துவைத்தது போல் இருக்கிறது. உடனே ஆசை வரும், சுவர் முழுதும் செங்கல் வரைய வேண்டும் என்று. வரையுங்கள். 200 மி.மீ. நீளம், 60 மி.மீ. உயரமுள்ள ஒரு சுவர். நீளக்கல் வரிசையும் தலைக்கல் வரிசையும் மாறி மாறி வரும் ஆங்கிலக் கட்டில் 60 வரிசை, அவற்றுக்கு நடுவே ஏறக்குறைய 6,000 குத்துக்கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் இயந்திரம் நின்று, தொடங்கி, நின்று, தொடங்கும். லேசர் கடையில் காசு நிமிடக் கணக்கு, நண்பர்களே!

இங்கேதான் பார்க்கிற கண் வேண்டும் என்கிறேன். நம் பக்கத்துச் சிறிய நிலையங்களில் பல, சுண்ணாம்புப் பூச்சு பூசிய சுவர்கள். செங்கல் வெளியே தெரிவதே இல்லை. எங்கே தெரியும்? குழாயடியில், மழைநீர் வடிகிற மூலையில், பூச்சு உதிர்ந்த இடத்தில். அந்த ஓரிரு இடத்தில் மட்டும் ஐந்தாறு வரிசை செங்கல் வரைந்துவிட்டு மற்றதை வெறுமையாக விடுங்கள். காசும் மிச்சம், கட்டடமும் உண்மையாகும். 6,000 கோட்டை நகல் எடுத்து ஒட்ட யாருக்கும் முடியும். எந்த இடத்தில் பூச்சு உதிர்ந்திருந்தது என்பது போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

கூரை வேறு கதை. மங்களூர் ஓட்டில் வரிசைக்கு வரிசை ஏறக்குறைய ஓரடி வெளியே தெரியும். நம் அளவில் 4 மி.மீ. ஒரே அட்டையில் ஓடு ஓடாகக் கீறினால் கூரை தட்டையாகிவிடும். மெல்லிய அட்டையில் ஒவ்வொரு வரிசையையும் தனி நாடாவாக வெட்டி, கீழிருந்து மேலாக ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி ஒட்டுங்கள். ஓடு வேய்கிறவர் செய்வதும் அதைத்தானே? நடைமேடைத் தாழ்வாரத்தின் ஓரத்தில் தொங்கும் மரத் தோரண வேலைப்பாட்டுக்கு லேசரை மிஞ்ச ஆளில்லை. கத்தியால் வெட்டினால் கண் போய்விடும். லேசர் சில நிமிடத்தில் முடித்துவிடும்.

லேசரால் ஆகாததும் உண்டு. ராயபுரம் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்ட இடம். இன்றும் நிற்கும் இந்திய நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது. அதன் முகப்பில் உருண்டைத் தூண்கள். உருண்டையை லேசர் வெட்டாது. தூணுக்கு உருளை மரக் குச்சி வாங்குங்கள். அடியிலும் தலையிலும் வைக்கும் சதுரத் தகட்டை மட்டும் துளையோடு லேசரில் வெட்டுங்கள். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1908-இல் திறந்த எழும்பூர் நிலையத்துக்குப் போனால் குவிமாடம் வழிமறிக்கும். சிறிதாகிக்கொண்டே போகும் வட்டத் தகடுகளை அடுக்கி, இடைவெளியில் பட்டி வைத்து உப்புத்தாளால் தேய்த்தால் குவிமாடம் வரும். முழுக்க முழுக்க லேசரிலேயே செய்தேன் என்று பெருமை பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பெயர்ப்பலகைக்கு வருவோம். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. ஓரடி உயர எழுத்து நம் அளவில் 4 மி.மீ. தமிழ் எழுத்தை ஊடுருவ வெட்டினால் சுழிக்குள் இருக்கும் பகுதி கழன்று விழுந்துவிடும். ன, ள எல்லாம் பொத்தலாகிவிடும். ஆகவே வெட்டாதீர்கள், மேலாகப் பொறியுங்கள். எழுத்துருவை வளைகோடாக மாற்றிவிட்டே கோப்பைக் கொடுங்கள். மாற்றாமல் கொடுத்தால், கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல், "லவ்டேல்" என்று நீங்கள் எழுதியது கட்டம் கட்டமாகப் பலகையில் வந்து நிற்கும்.

கடைக்குப் போகுமுன் இன்னும் சில. "அண்ணே, ஃபைல்ல கோடு ரெண்டு ரெண்டா இருக்கு" என்று கடைத் தம்பி சொல்வார். ஒன்றன் மேல் ஒன்றாகக் கோடு கிடந்தால் லேசர் அதே தடத்தில் இரண்டு முறை ஓடி ஓரத்தைக் கரியாக்கும், முன்பே நீக்கிவிடுங்கள். வெட்டும் கோடு ஒரு நிறம், கீறும் கோடு வேறு நிறம் என்று பிரித்து வையுங்கள். முதலில் கீறல், பிறகு சன்னல் திறப்பு, கடைசியில்தான் வெளிக்கோடு. வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் துண்டு கழன்று நகர்ந்துவிடும். அப்புறம் சன்னல் கோணலாகும். கோப்பின் ஓரத்தில் 50 மி.மீ. நீளக் கோடு ஒன்று வரைந்து வைத்து, கடைக் கணினியிலும் அது 50 தானா என்று பாருங்கள். மில்லிமீட்டர் அங்குலமாக மாறினால் சின்ன நிலையம் 25 மடங்கு வளர்ந்து நிற்கும்.

ஒரு கடுமையான எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கட்டடக்கலை மாணவர்கள் மாடலுக்கு வாங்கும் சன்போர்டை லேசரில் வைக்கவே வைக்காதீர்கள். அது பி.வி.சி. சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வரும். நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரித்துவிடும். எம்.டி.எஃப்., பிளைவுட், அட்டை, அக்ரிலிக் இவை போதும். இயந்திரம் ஓடும்போது பக்கத்தை விட்டு நகராதீர்கள். மரம் தீப்பிடிக்கும் பொருள்.

நண்பர்களே, இதுவரை எப்படி என்று சொன்னேன். இனி, எதற்காக?

இங்கிலாந்தில் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் பென்டன் என்றொரு அருங்காட்சியகம் இருக்கிறது. ராய் இங்கிலாந்து என்ற ஆஸ்திரேலியர் உருவாக்கியது. பெயரே இங்கிலாந்து! 1925-இல் அந்நாட்டுக்கு வந்தவர், வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்னும் பகுதியின் பழைய குடிசை வீடுகள் ஒவ்வொன்றாக மாற்றப்படுவதையும் இடிக்கப்படுவதையும் கண்டார். ஊர்வலமா போனார்? மனுவா போட்டார்? வீடு வீடாக அளந்தார், படம் எடுத்தார், அட்டையில் கட்டினார். இன்று நான் சொன்ன அதே அளவு, ஓர் அடிக்கு 4 மி.மீ. அட்டையில் கல் கல்லாகக் கீறி, கல் கல்லாக வண்ணம் தீட்டினார். அவரிடம் லேசரும் இல்லை, கணினியும் இல்லை. அவருடைய காலத்துப் பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று இன்று பார்க்க விரும்புகிறவர்கள் பென்டனுக்குத்தான் போகிறார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது? 1992-இல் ஒரே பாதைத் திட்டம் வந்தது. மீட்டர் பாதைகள் அகலப்பாதைகளாயின. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் ஓடத் தொடங்கிய மீட்டர் பாதை மின்சார ரயில் 2004-இல் நின்றது. பாதை மாறியதில் எனக்கு வருத்தமில்லை, பயணிக்கு நன்மைதான். ஆனால் பாதையோடு சேர்ந்து பல ஊர்களில் ஓட்டுக்கூரை நிலையங்களும் போயின. நீலகிரி மலை ரயில் 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. குன்னூரையும் லவ்டேலையும் யாரேனும் பார்த்துக்கொள்வார்கள். பட்டியலில் ஏறாத சிற்றூர் நிலையத்தை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்? அதன் சன்னல் எத்தனை அடி? தூண் எத்தனை அங்குலம்? தோரணத்தில் என்ன பூ?

பொம்மை உடையும், பூச்சி அரிக்கும், ஒரு கொலுவுக்குப் பிறகு பரணில் ஏறும். கோப்பு அப்படியில்லை. ஒருமுறை சரியாக வரைந்த நிலையத்தை எந்த ஊரிலும், எந்த அளவிலும், எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டலாம். ஆகவே, உங்கள் ஊரில் பழைய நிலையக் கட்டடம் இன்னும் நின்றுகொண்டிருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமையே போங்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தண்டவாளப் பக்கம் இறங்காதீர்கள். ஒரு கதவையும் ஒரு சன்னலையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சுவருக்கு நேர் எதிரே, எவ்வளவு தூரம் தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்று படம் எடுங்கள். அளந்த கதவை வைத்து மற்ற எல்லா அளவையும் அந்தப் படத்திலிருந்தே கணக்கிட்டுவிடலாம். மாணவர்களே, இது உங்களுக்கு ஒரு நாள் வேலை. வரைந்த கோப்பை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் நாலு பேருக்குக் கொடுங்கள்.